பனி என்றால்

வண்டன்மேட்டிலிருந்து திரும்பும் ஜீப்பில்
பதினாறு பேரின் முழங்கால்களுக்கு நடுவே
வேலுத்தாயி, நீ உன் எலுமிச்சை ஊறுகாயை
என் தூக்குவாளிக்குள் தள்ளிவிட்டாய்.
"வாயெல்லாம் எரியுதுக்கா, நீயே தின்னு."
சிரித்தாய்.
நாக்கின் ஓரம், கன்னத்தின் உள்பக்கம்
தயிர் ஒட்டியதுபோல வெள்ளை.
நீ தயிர் கொண்டுவருவதே கிடையாது.

எனக்கு அந்த வெள்ளையைத் தெரியும்.

ஒன்பது வருஷம் முன்னால்
கட்டப்பனை டாக்டர் என் நெற்றியைத் தொட்டு
"பனியா" என்றார்.
நான் ஜன்னலைப் பார்த்தேன். சுள்ளென்று வெயில்.
மெட்டுக்கு இந்தப் பக்கம் பனி என்றால் புல்லில் கிடப்பது,
அந்தப் பக்கம் உடம்பில் கொதிப்பது என்று
அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.
பத்து நாள். தொண்டை வலி,
நெஞ்சில் நொய்யரிசி தூவியதுபோலத் தடிப்பு,
காதுக்குக் கீழே நெறி கட்டியிருந்தது.
"சாரமில்ல" என்று சீட்டு எழுதினார்.
சாரமில்லை என்று நானும் மலை இறங்கினேன்.

பிறகு ஒன்றும் நடக்கவில்லை.
இன்னும் எனக்குப் பிடிபடாதது அதுதான்.
ஐந்து வருஷம்
காய் எடுத்தேன், சாக்கு தூக்கினேன்,
மகளுக்குக் காது குத்தினேன்,
இரண்டு கிலோ சதைகூடப் போட்டேன்.
உள்ளே யாரோ
பேச்சுமூச்சில்லாமல் காய் எடுத்துக்கொண்டிருந்தார்கள்,
என் தோட்டத்தில், கூலி கேட்காமல்.

அப்புறம் அக்கி.
இடுப்பின் ஒரு பக்கம் மட்டும், நெருப்புக் கயிறு கட்டியதுபோல.
உத்தமபாளையத்தில் குயவர் காவி குழைத்து
முதுகில் சிங்கம் எழுதினார்.
காய்ந்தது. சிங்கத்தைக் குளித்துத் தொலைத்தேன்.
ஆறே மாதத்தில் மறுபடி வந்தபோதாவது
முப்பத்தொரு வயசில் இரண்டு தடவையா என்று
யாராவது கேட்டிருக்கலாம்.
நான் கேட்டிருக்கலாம்.

பச்சைக்காய் ஐந்து கிலோ உலர்ந்தால் ஒரு கிலோ,
அது நமக்குத் தெரிந்த கணக்கு.
ஸ்டோர் தராசில் ஏறி நின்றேன்: ஐம்பத்தெட்டு.
பொங்கல் கழிந்து நாற்பத்தொன்பது.
மாசியில் நாற்பத்திமூன்று.
"தராசு கேடாயோ" என்று
கணக்கு எழுதும் ஜோமோன் தட்டிப் பார்த்தார்.
வயிறு நிற்காமல் போய்க்கொண்டிருந்தது ஒரு மாதமாக.
ராத்திரி வியர்வையில் பாயைத் திருப்பிப் போட்டுப் படுத்தேன்,
திருப்பிய பக்கமும் நனைந்தது.

உன் ரவிக்கை ஊக்கு
ஆடியில் இருந்த இடத்தில் இப்போது இல்லை.
சாயங்காலக் காய்ச்சல் என்று போன வாரம் மூன்று நாள் கூலி விட்டாய்.
வேறு எதுவாகவும் இருக்கலாம், சர்க்கரையாக,
வெறும் சத்துக் குறைவாக.
என் கண்ணுக்கு ரத்தம் படிக்கத் தெரியாது.
விரல் நுனியில் ஒரு குத்து குத்தினால்
சொல்லிவிடுவார்கள்.

சொன்னால் என்னைச் சொல்ல வேண்டும்.
நாளைக்கு இந்த ஜீப்பில்
என் தோளில் சாய்ந்து தூங்குவது யார்?
ராத்திரி ஒன்பது மணிக்கு நான் போடுவதை
"அக்கா சத்து மாத்திரை சாப்பிடுது,
எப்படித் தேறிட்டா பாரு" என்று
ஊருக்கெல்லாம் சொல்லிவைத்தவள் நீதான்.
ஐம்பத்தாறு கிலோ, வேலுத்தாயி.
கானாவிலக்கில் எடுத்த கடைசி ரத்தத்தில்
கிருமி கணக்கில் பிடிபடவில்லை.

கம்பம்மெட்டு செக்போஸ்டில் ஜெக்கையன் வண்டியை நிறுத்தினார்.
எல்லோரும் இறங்கி நீட்டிய காலை உதறினார்கள்.
காக்கிச்சட்டை ஒன்று நம் பைகளைக் குத்திப் பார்த்தது,
ஏலக்காய் மறைத்திருக்கிறோமா என்று.

"புதன்கிழமை வேலைக்குப் போகாதே.
பெரியாஸ்பத்திரியில நம்பிக்கை மையம் இருக்கு.
நான் கூட வர்றேன்."

"கூலி போகுமேக்கா. எதுக்கு?"

ஊறுகாயை எடுத்து
நீ கடித்துவைத்த பக்கத்திலேயே கடித்தேன்.
"அந்தச் சத்து மாத்திரை இருக்குல்ல" என்று
ஆரம்பித்தேன்.
ஜெக்கையன் ஹாரன் அடித்தார்.
நீ ஏறவில்லை.