இருபத்தேழாம் பக்கம்

ஒல்ரன் நகரில் அப்போது
தமிழ் அடிக்கத் தெரிந்த கணினி ஒன்றுதான்.
அது என் படுக்கையறையில் இருந்தது.
சிற்றம்பலத்தார் போய் ஒன்பதாம் நாள்
சப்பாத்துப் பனியோடு வந்தார் மூத்த மருமகன்:
"முப்பத்தொண்டுக்குக் கல்வெட்டு வேணும் தம்பி.
நீர்தானே பாமினியில அடிக்கிறது."

பகலில் நான் ஹேர்க்கிங்கனில் பொதி பிரிப்பவன்.
யாரோ யாருக்கோ அனுப்பியவை
என் கையால் போகும்.
இரவில் அந்த வீட்டுக்காக அழுதேன்.
மனைவி புலம்பல், மக்கள் புலம்பல்,
மருமக்கள் ஏழு பேருக்கும் ஏழு விதமாய்.
கனடா மருமகளுக்கு எதுகை சிக்கவில்லை;
"பனைநிழல்" என்று தொடங்கி
"அனையவரே" என்று ஒப்பேற்றினேன்.
அவள் பனையைக் கண்டதேயில்லையாம்.
ஆனாலும் தொலைபேசியில் தேம்பினாள்.

யாப்பை நான் படித்தது இப்படித்தான்,
கெடு வைத்து, இன்னொருவர் கண்ணீரில்.

பக்கங்கள் நாலால் பிரிபட வேண்டும் என்றான்
அச்சகத்துச் சுவிஸ்காரன்.
வம்சாவழி இருபத்தாறில் முடிந்தது.
நன்றி நவிலல் கடைசியில்தான் வரும்.
நடுவில் ஒரு பக்கம் வெறும் வெள்ளை.
தேவாரம் ஏதாவது போடு என்றார்கள்.
நான் என்னுடையதைப் போட்டேன்:
ஆறு வரி,
ஆரே ஆற்றின் மேல் மூடுபனி,
பாலத்தில் நிற்பவனுக்கு மறுகரை காணாமல் போவது.
பெயர் போடவில்லை. பயம்.

முந்நூறு பிரதி.
ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை.
பங்குனியில் ஓர் அழைப்பு:
"இருபத்தேழாம் பக்கத்தில இருக்கிறது எந்தப் பதிகம்?
ஏழு திருமுறையிலையும் தேடிப்போட்டன்."

பவளராணி. இரவு ரயில் துடைப்பவள்.
மிக்ரோஸ் பையில் ஆறு கொப்பி கொண்டுவந்தாள்.
வழக்கம்போலக் கேட்டேன், "ஆர் மோசம் போனது?"
"ஒருத்தரும் இல்லை.
உயிரோட இருக்கேக்க புத்தகம் அடிக்கேலாதோ?"

கொப்பி முழுக்க
இருக்கைகளில் மனிதர் விட்டுப்போனவை.
ஒற்றைக் கையுறை.
"அன்புள்ள" என்பதோடு நின்ற தபாலட்டை.
கடதாசியில் சுற்றிய பாற்பல் ஒன்று,
அதை எறிய மனம் வராமல்
பேர்ன் வரைக்கும் சட்டைப் பையில் அவள் கொண்டுபோனது.
எழுத்துப்பிழை ஏராளம்.
திருத்திப் பார்த்தேன், வரி செத்துப்போனது.
பிழையை மறுபடி அடித்தேன்.

காசு யார் தருவது என்று இருவரும் கேட்கவில்லை.
அவளுடைய கோடைகால மேலதிக வேலை,
என்னுடைய பல் வைத்தியம்.
நூற்றிருபது பிரதி.

பழைய கல்வெட்டின் மேலேயே அடித்ததால்
முதற்பக்கத்தில் தங்கிவிட்டது:
தோற்றம், மறைவு.
அச்சேறும் காலையில்தான் கண்டேன், வியர்த்துவிட்டது.
அவள் தோற்றத்துக்கு நேரே
அன்றைய திகதியை எழுதினாள்.
"மற்றது கிடக்கட்டும்" என்றாள்.

தேவாலயத்து நிலவறையில் வெளியீடு.
வந்தவர்களில் மூன்று பேர் வெள்ளை உடுத்திருந்தார்கள்.
தலைமையுரை, ஆசியுரை, வாழ்த்துரை, நயப்புரை.
நாலு உரையிலும் புத்தகம் திறக்கப்படவில்லை.
ஏற்புரையில் அவள் சொன்னது:
"எல்லாரும் சாப்பிட்டிட்டுப் போங்கோ."

போன கார்த்திகை,
பீல் போய்த் திரும்பிய கடைசி வண்டியில்,
ஜன்னலோர இருக்கையில் கிடந்தது அவளுடைய புத்தகம்.
கோப்பிக் கறை.
பாற்பல் வரும் பக்கம் மூலையில் மடிக்கப்பட்டு.
மறந்ததா, எறிந்ததா, இறங்கும் அவசரமா,
தெரியாது.
விதிப்படி ஒப்படைக்க வேண்டும்.
படிவத்தை அவள் நிரப்பினாள்.
பொருள்: புத்தகம்.
நிறம்: சாம்பல்.
உரியவர்:
அந்தக் கோட்டில் பேனையை வைத்தபடி
விடிய நாலு மணிக்கு என்னை அழைத்தாள்.
நான் பொதிப் பட்டியின் முன் நின்றிருந்தேன்.
இரைச்சலில் கேள்வி மட்டும்தான் கேட்டது.