அடித்தல்

சீர்காழி பேருந்து நிலையத்துக்குப் பின்னால் என் கடை.
ஜெராக்ஸ், லேமினேஷன், மனு தட்டச்சு.
பக்கத்துக்கு முப்பது ரூபாய்.

ஏகவள்ளி வந்தபோது மணி நாலு.
சேலைக்கரையில் சேறு காய்ந்து
வெள்ளைக் கோடாய் உப்புப் பூத்திருந்தது.
பையில் நாலாய் மடித்த ஒரு தாள்.
சங்கத்துப் பையன் கொடுத்தானாம்,
ஐக்கிய நாடுகள் பிரகடனம்.
'இதுல எங்களப் பத்தி இருக்காம்.
தமிழ்ல போட்டு மனுவுல சேருங்க.'

இருபத்தைந்தாம் பிரிவு.
பூர்வகுடிகள்
வழிவழியாய்த் தமக்கிருந்த, தாம் புழங்கிவந்த
நிலத்தோடும் நீரோடும் கரைக்கடலோடும்
தமக்கேயான ஆன்ம உறவைப்
பேணிக்கொள்ள உரிமை உடையவர்கள்.

படித்துக் காட்டினேன்.
'ஆன்மாவா?' சிரித்தாள்.
'கழுத்தளவு தண்ணியில குந்தி
சேத்தைத் தடவுறோம்.
எறா எது, கெளுத்தி முள்ளு எது, பாம்பு எது,
வெரலுக்குத் தெரியும்.
அதுதான்னா அதையே போடுங்க.'

முப்பத்திரண்டாம் பிரிவு இன்னும் கடினம்.
எந்தத் திட்டத்துக்கும் முன்னதாக,
கட்டாயமின்றி, விவரம் அறிந்து தரும் ஒப்புதல்.
மூன்று முறை திருத்தினேன்.

இறால் பண்ணைக்காரர்கள் கூட்டம் போட்டது
புரட்டாசி அமாவாசைக்கு மறுநாள், காலை பத்துக்கு.
வத்தம் நன்றாக இறங்கியிருந்த நேரம்.
இருளர் குடியிருப்பில் பெண்கள் ஒருவரும் இல்லை.
எல்லோரும் உப்பனாற்றுக் கழியில்,
பறியின் கயிற்றைப் பல்லில் கடித்தபடி.
பல்லில் கயிறு இருக்கையில்
சரி என்றும் சொல்ல முடியாது,
கூடாது என்றும் சொல்ல முடியாது.
பதிவேட்டில் எழுதிக்கொண்டார்கள்:
ஆட்சேபணை ஏதுமில்லை.

தை பிறப்பதற்குள்
ஓடையின் வாயில் பொக்லைன் மண் தள்ளிவிட்டது.

மாயூரத்தில் மனுநாளில் ஒரு அதிகாரி
அன்பாகத்தான் சொன்னாராம்:
'பூர்வகுடின்னு தனியா யாரும்மா?
இந்த நாட்டுல எல்லாருமே பூர்வகுடிதான்.'
'நல்லதுங்க' என்றிருக்கிறாள்.
'அப்ப எம்மவன் சாதிச் சான்றுக்கு மட்டும்
ஏங்க பதினோரு வருஷம்?'

நான் அடித்துக்கொண்டே இருந்தேன்.
இந்தக் கடையில் தண்ணீர் மனு எத்தனையோ அடித்திருக்கிறேன்.
குறுவை கருகுகிறது,
மேட்டூரைத் திற,
கடைமடைக்கு வரவில்லை,
எல்லாம் டி.எம்.சி. கணக்கில்.
எல்லாவற்றிலும் மாறாத ஒரு வரி உண்டு,
கை தானாகவே அதை இதிலும் அடித்துவிட்டது:
கொள்ளிடத்தில் உபரிநீர் வீணாகக் கடலில் கலக்கிறது.

கடைசியாக முழுவதையும் வாசித்தபோது
அவள் கையை உயர்த்தி நிறுத்தினாள்.
'யாருக்கு வீணு?'

எனக்குப் பதில் வரவில்லை.

'ஆத்துத் தண்ணி எறங்கி உப்பை முறிச்சாத்தான்
எறாக்குஞ்சு கழிக்குள்ள ஏறும்.
வெள்ளம் வந்த வருஷம்
நாங்க வட்டிக்காரன் வாசல்ல நிக்கிறதில்ல.
கடலுக்குப் போறதுக்கு முன்னால
எங்ககிட்டதாங்க வருது.
எங்களுக்கு வந்தா வீணா?'

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.
அடித்த சொல்லை அடித்தேன்.
அந்த இடத்தில் வேறு என்ன போடுவது என்று தெரியவில்லை.
'வருது, அவ்வளவுதான். அப்படியே போடுங்க' என்றாள்.
கொள்ளிடத்தில் நீர் வருகிறது.

மனு நாலு பக்கம். நூற்றியிருபது.
ஈரம் பட்ட பத்து ரூபாய்த் தாள்களாக எண்ணி வைத்தாள்.
பிறகு அந்த இரண்டு பிரிவுகளை மட்டும்
தனியாக ஒரு நகல் கேட்டாள்.
'லேமினேசன் பண்ணிக் குடுங்க.
பறியில கெடக்கட்டும்.
அடுத்த கூட்டமும் வத்தத்துலதான் போடுவானுங்க.'

சூடான பிளாஸ்டிக்கை ஊதி ஊதி ஆற்றிக்கொண்டு
பழையாறு பேருந்தில் ஏறிப் போனாள்.

கடையை மூடும் முன் கணினியில் தேடிப் பார்த்தேன்.
அந்த ஒரு சொல்
இன்னும் நாற்பத்தாறு மனுக்களில் இருக்கிறது.
ஒன்றில் என் அப்பாவின் கையெழுத்து.
ஐந்து மா நிலம், கடைமடை,
மூன்று குறுவை போன கதை.
அதைத் திறந்தேன்.
திருத்தவில்லை. சேமிக்கவா என்று கேட்டது.