ஐந்தாம் பருவத்தில் ஒரு கச்சேரி

துறையிலிருந்து போன்.
பென்னாகரம் ஆளுங்க இருபது நாற்காலி நிரப்பணும்.
புழு ஐந்தாம் பருவத்தில் இருக்கு சார் என்றேன்.
சீனாவுலருந்து வர்றாங்கம்மா, பட்டு பொறந்த ஊரு,
ஒம்பதுக்கு விட்டுடுவோம் என்றார்.

ராத்திரித் தழையை மாதேஷிடம் ஒப்படைத்துவிட்டு
தருமபுரிக்கு பஸ் ஏறினேன்.

கல்யாண மண்டபம்.
காலை முகூர்த்தத்தின் தெர்மோகோல் மயில் கழற்றப்படவில்லை.
அதன் கீழே நான்கு பெண்கள்.
படுக்கவைத்த பலகையில் இருபத்தொரு தந்தி ஒருத்திக்கு.
மடியில் பாதிப் பேரிக்காய் இன்னொருத்திக்கு.
மூன்றாமவள் தொடையில் நிறுத்தியதற்கு இரண்டே தந்தி,
முகத்தில் மலைப்பாம்புத் தோல்.
முன்வரிசை வனத்துறைக்காரர் செருமிக்கொண்டார்.

மின்விசிறியை நிறுத்தச் சொன்னார்கள்.
வியர்வை முதுகில் இறங்குவது கேட்கும் அமைதி.

அந்தக் காலத்தில் எல்லாத் தந்தியும் பட்டு,
இப்போது இரும்பும் நைலானும்,
இந்த ஏழு தந்திக் கருவியில் மட்டும் இன்னும் பட்டு
என்றார் மொழிபெயர்க்கிற தம்பி.
நான்காமவள் மெல்லத் தொட்டாள்.
கேட்டோமா என்று யோசிப்பதற்குள் போய்விட்டது.
மைக் செட்காரர் கூட்டினார், ஸ்பீக்கர் ஊளையிட்டது.
நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்:
ஒரு தந்திக்கு எத்தனை கூடு,
எத்தனை உயிர் கொதிநீரில்,
போன சந்தையில் கிலோ என்ன விலை.

அடுத்தது புதுசு, போன வருடம் எழுதியது என்றார்கள்.
மீட்டவில்லை.
நகத்தால் தந்தியைச் சுரண்டினார்கள் நான்கு பேரும்,
பொடிப்பொடியாக, விடாமல்.
பின்வரிசை சிரித்தது.
யாரோ வெங்காய லோடு பற்றிப் போனில் பேசினார்.

எனக்குக் கைமயிர் நின்றது.
நாற்பதாயிரம் வாய்.
நடுராத்திரியில் கொட்டகைக் கதவைத் திறந்ததும்
துணி காய்கிறதே என்று வெளியே ஓடவைக்கும் சத்தம்.
இவளுக்கு யார் சொன்னது?

பிறகு, சட்டென்று, நின்றது.

முடிந்ததென்று கைதட்டினார்கள்.
அவள் கையைத் தூக்கியபடியே இருந்தாள், முடியவில்லை.
நான் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன்.
அந்தச் சத்தம் நின்றால் என்ன அர்த்தமென்று
போன ஆடியில் பால்நோய் கண்டு
தட்டு தட்டாகக் குழிவெட்டிப் புதைத்தவளுக்குத் தெரியும்.
மண்டப வாசல் தாண்டும்போது பின்னால் மறுபடி தொடங்கியதோ,
ஜெனரேட்டரோ.

இண்டூர் தாண்டும்போது லைன் கிடைத்தது.
தழை போட்டியா?
போட்டேன்.
சத்தம் கேக்குதா?
என்ன சத்தம்?
கதவத் திற. போனை உள்ள நீட்டு. பேசாத.

டிரைவர் பாட்டைக் கூட்டி வைத்திருந்தார்.
மறுகாதைப் பொத்திக்கொண்டேன்.
டிக்கெட் என்று நின்ற கண்டக்டருக்கு
ஒரு விரலைக் காட்டினேன்,
இருங்க.