ஆறாவது கசெற்

கஸ்தூரியார் வீதியில் என்ரை கடை.
மூண்டு டெக், சுவர் முழுக்கக் கசெற்.
கேட்ட பாட்டைப் பதிஞ்சு குடுப்பன்.

தவயோகன் கிரேக்கக் கப்பலில் எஞ்சினுக்கு எண்ணெய் போடுறவன்.
காரைநகருக்கு லீவில் வாற நேரமெல்லாம்
ஒரே பாடகியின்ரை கசெற் ஒண்டு கொண்டருவான்.
பேர் ஸ்தமாத்தியா.
எங்கடை வாயில் தமாத்தி அக்கா.

எழுத்துத் தெரியாது, பாசையும் விளங்காது.
அட்டைப் படங்களை வைச்சே
அவவின்ரை சீவியத்தை நான் எழுதினன்.
முதலாவதில் மினுங்குற சட்டை, பின்னுக்கு முப்பது வயலின்:
பணக்கார வீட்டுப் பிள்ளையாக்கும்.
இரண்டாவதில் தலைமயிர் கட்டையாய் வெட்டியிருந்தா:
கலியாணம் குழம்பியிருக்கும்.
மூண்டாவது மைதானம், கடல்போலச் சனம்.
நாலாவதில் வயலின்காரர் பாதிப்பேரைக் காணேல்லை.
ஐஞ்சில் ஒரு கிளாரினெற்றும் அவவும்தான்.
ஆறாவதில் ஆளே இல்லை,
ஒரு கல்வீடு, சாத்தின கதவு.

அது வந்த கிழமை பாதை பூட்டினது.
கரண்ட் அதுக்கு முதலே போட்டுது. பற்றறிக்குத் தடை.
சைக்கிளைக் கவிட்டு வைச்சு
பெடலைக் கையாலை சுத்தி
டைனமோவில் அவவைப் பாட வைச்சன்.
வாத்தியம் ஒண்டும் இல்லை.
என்ரை கை சோர
குரல் கிணத்துக்குள்ளை இறங்கும்.
எழுபது வயசுக் குரல்.
எல்லாத்தையும் விட்டிட்டு வீட்டுக்கு வந்திட்டா எண்டு
கடைக்கு வந்த ஆக்களுக்குச் சொன்னன்.
ரெண்டு பேர் கண்ணைத் துடைச்சவை.

தொண்ணூற்றி மூண்டு மாரி.
பாசையூரிலையிருந்து நனைஞ்சு வந்தா மதலேனக்கா.
"மகனுக்குக் கதைச்சு அனுப்பவேணும். வெறுங் கசெற் கிடக்கோ?"
கிடக்கேல்லை.
ஆறாவதை எடுத்தன்.
மூலையில் முறிச்சிருந்த ஓட்டைக்குக்
கடதாசியைச் சுருட்டி அடைச்சன்.

நான் சுத்த, அவ கதைச்சா.
கடலுக்கு ஒருத்தரும் போறேல்லை.
சவர்க்கார விலை கேளாதை.
குளிருக்குக் காதை மூடிக்கொண்டு போ.
பதினொரு நிமிசம்.
பேந்து, "அவ்வளவுதான் தம்பி" எண்டா.
மிச்ச நாடாவில் தமாத்தி அக்கா இருந்தா.
அழிக்கக் கை வரேல்லை.

ஐஞ்சு மாதம் கழிய
மொன்றியலிலையிருந்து கடிதம் வந்தது.
"உனக்கும் ஏதோ எழுதியிருக்கிறான், பார்."

அண்ணை, அம்மா ஏன் பள்ளிக்கூடப் பெட்டை மாதிரிக்
கீச்சுக் குரலில் கதைக்கிறா?
அம்மா முடிய, பாடுறது ஆர்?
நான் கோப்பை கழுவுற கடை முதலாளி கிரேக்கன்.
கேட்டிட்டு அடுப்பை நூத்துப்போட்டு நிண்டான்.
அவவின்ரை முதல் பாட்டாம்.
பதினேழு வயசில், தகப்பன் வீட்டு முத்தத்தில்
ஆரோ பதிஞ்சதாம்.
கிளாரினெற், வயலின், மைதானம் எல்லாம் பிறகுதானாம்.
இப்ப மினுக்கச் சட்டையோடை ரீவியில் வாறாவாம்.
முதலாளிக்கு அது பிடிக்காது.

தவயோகன் புதுசிலை தொடங்கி
துறைமுகம் துறைமுகமாய்ப் பழசைத் தேடியிருக்கிறான்.
பாட்டு விக்கிற எனக்கு
இது பிடிபட்டிருக்கவேணும்.

தட்டில் அஞ்சையும் திருப்பி அடுக்கினன்.
முதலாவது இடம் சும்மா கிடந்தது.

மதலேனக்காவுக்கு விளங்கப்படுத்தினன்:
நான் மெல்லச் சுத்தினதாலை
அங்கை நல்ல கரண்டில் போட
உங்கடை குரல் சின்னப்பிள்ளையின்ரை ஆயிட்டுது.

சீலைத் தலைப்பால் வாயைப் பொத்திச் சிரிச்சா.
வாங்கை இழுத்து இருந்தா.
"அப்ப இன்னொருக்காக் கதைக்கப்போறன்.
நீ இன்னும் மெல்லச் சுத்து."