மூன்றா, ஐந்தா

காலை ஐந்தே முக்கால். மதுரைச் சந்திப்பு.
என் வலது கையில் தெர்மாகோல் பெட்டி.
ஐஸ் கட்டிகளுக்கு நடுவே
இரண்டு குப்பிகளில் இரண்டு கருவிழிகள்.
நேற்று மதியம்வரை
திருமங்கலம் பக்கம் ஏதோ ஒரு தெருவில்
கதவு, கன்றுக்குட்டி, கடன்காரன், கேபிள் டிவி
எல்லாம் பார்த்துக்கொண்டிருந்தவை.
பெயர் எங்களுக்குச் சொல்வதில்லை.
சீட்டில் வயது மட்டும்: அறுபத்தொன்று.

நெல்லையில் பதினோரு மணிக்கு
ஒரு பெண்ணை மேசையில் படுக்க வைப்பார்கள்.
அவளுக்கும் வயது மட்டுந்தான். முப்பத்திரண்டு.

பலகையில் என் வண்டி இருந்தது.
எண் வர வேண்டிய இடத்தில்
இரண்டு சிவப்புக் கோடுகள்.
'கனிவான கவனத்திற்கு' என்று கிளம்பிய குரல்
எண்ணைச் சொல்லும்போது பார்த்து
ஒரு சரக்கு வண்டி கூவிக்கொண்டு போனது.

மூணு என்றான் செல்போன் பையன், திரையிலிருந்து
தலையெடுக்காமல்.
போன வாரம் அஞ்சு என்றார் போலீஸ்காரர்.
ஒன்பது பை, இரண்டு குடம், ஒரு டேபிள் ஃபேனோடு
ஒரு குடும்பம் மூன்றுக்கு நகர்ந்தது.
ஏன் என்றேன்.
அந்தா, அவுங்க போறாங்கள்ல என்றார்கள்.
நானும் போனேன். என் பின்னால் நாலு பேர் வந்தார்கள்.
பெட்டி வைத்திருப்பவனுக்குத் தெரியாமலா இருக்கும்.

நஸ்ரின் டாக்டர் பாரிசுக்கு மாநாட்டுக்குப் போய் வந்தவர்.
அங்கே வண்டி கிளம்பக் கொஞ்ச நேரம் முன்புவரை
நடைமேடை எதுவென்று மூச்சு விட மாட்டார்களாம்.
கூடம் முழுக்க அண்ணாந்த கழுத்துகள்.
பலகையில் எண் விழுந்ததும் ஒரே ஓட்டம்.
அதிலும் ஒரு நிலையத்தில்
பாதி நடைமேடைக்கு எண், பாதிக்கு எழுத்தாம்.
எழுத்துக்குப் போக வேண்டியவர்
எண்ணில் போய் நின்றிருக்கிறார்.
இத்தனைக்கும் கண் டாக்டர்.
சொல்லிச் சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன்,
அன்றைக்கு.

மூன்றில் ஆள் இருந்தது, வண்டி இல்லை.
தண்டவாளத்தில் ஒரு காகம்
தயிர்சாதப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தது.
மணி ஆறு ஐந்து.
மறுபடி மேம்பாலம் ஏறினேன்.
'குலுக்காதே' என்று பெட்டியில் எழுதியிருக்கிறது.
படிக்கட்டு அதைப் படிப்பதில்லை.

பாலத்தின் நடுவில், எதிரே,
ஒரு டீக் கேன் என்னை இடிக்காமல் ஒதுங்கி
ஐந்துக்கு இறங்கியது.
அதன் பின்னால் வடைக் கூடை.
அதன் பின்னால் தண்ணீர் பாட்டில் வாளி.
அண்ணே, நெல்லை வண்டி?
அஞ்சுதான். வெரசா வாங்க.
நெசமாவா?
தெரியாமயா இம்புட்டு டீயத் தூக்கிட்டுப் போறேன்?

பாலத்தின் கம்பி வழியாகக் கீழே கத்தினேன்:
அஞ்சு! அஞ்சாவது பிளாட்பாரம்!
ஃபேனைத் தூக்கி வைத்திருந்த அம்மா
பலகையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்,
மறுபடி பலகையைப் பார்த்தாள்.
அதற்குமேல் நிற்க முடியவில்லை.
ஓடினேன். இல்லை, ஓடக் கூடாது.
பால் குடம் எடுத்தவன் மாதிரி
வேகவேகமாக நடந்தேன்.

ஜன்னலோர இடம். மடியில் பெட்டி.
பக்கத்தில் இருந்தவர்
மூடியோரம் கசிந்த நீரைத் தொட்டுப் பார்த்து
மீனா தம்பி? என்றார்.
இல்லண்ணே என்றேன்.
வேறென்ன என்று அவர் கேட்கவில்லை. நல்ல மனிதர்.

ஒன்பது பையும் ஏறியதா, தெரியாது.
ஒவ்வொரு பெட்டியாய்ப் போய்த் தேடவா முடியும்.

திருப்பரங்குன்றம் போயிற்று.
பிறகு வேகம் குறைந்து
மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்து:
திருமங்கலம்.
இரண்டு நிமிடம் நின்றது.
நடைமேடையில் ஒருவர் பல் தேய்த்துக்கொண்டிருந்தார்.
ஒரு நாய். ஒரு சைக்கிள்.
மடியில் இருந்த பெட்டியை
ஏனோ ஜன்னல் பக்கமாகத் திருப்பி வைத்தேன்.
மூடியைத் திறக்கவில்லை.
திறக்கக் கூடாது.