கல் எண் 47

மோட்டார் கொட்டகையில் உட்கார்ந்து
நான்காவது தடவையாக அந்தப் பாகத்தைப் பார்க்கிறேன்.
நான் பிறப்பதற்கு முன்னால் எடுத்த தொடர்.
வேறு கிரகம் என்று சொல்லி
பெயின்ட் அடித்த அட்டைப் பாறைகளை நிறுத்தியிருக்கிறார்கள்.
வானம் ஒரு திரைச்சீலை, காற்றில் மடிகிறது.
வேற்றுக்கிரக உயிர் என்பது
ரப்பர் பூசிய கோணிச் சாக்கு.
முதுகில் ஜிப் தெரிகிறது.
முதல் தடவை சிரித்துவிட்டேன்.

மனிதர்கள் அங்கே குழாய் பதித்திருக்கிறார்கள்.
ராத்திரியில் எதுவோ வந்து உடைக்கிறது.
காவலர் இரண்டு பேர் செத்துப்போகிறார்கள்.
துப்பாக்கியோடு எல்லோரும் குகைக்குள் இறங்க
முப்பத்தெட்டாவது நிமிஷத்தில்
ஒரு பெண் இன்ஜினீயர் மட்டும்
சுட நீட்டிய கையை இறக்கிவிட்டு
அது குழாயின் மேல் எப்படிப் படுத்திருக்கிறது என்று பார்க்கிறாள்.
அணைத்தபடி.
நீளமாய், குளிர்ந்து, உள்ளுக்குள் முனகிக்கொண்டு
மண்ணில் கிடக்கும் இவற்றை
தன் இனம் என்று நினைத்திருக்கிறது அது.
உயிரோடு புதைத்துவிட்டார்களே என்று
ஒவ்வொன்றாய்த் தோண்டி விடுவிக்கப் பார்த்திருக்கிறது.

அந்த இடத்தில் இசை நின்றுவிடுகிறது.
யார் எடுத்த முடிவோ,
அவர் கையைப் பிடித்துக்கொள்ளலாம்.

இப்போதெல்லாம் நான் பார்ப்பது
சாக்குக்குள் இருக்கும் ஆளைத்தான்.
நாற்பத்தைந்து நிமிஷமும் முட்டி போட்டே நகர்கிறார்.
கடைசியில் ஓடும் பெயர்களில் அவர் இல்லை.
குழாயைத் தடவும்போது சாக்கு நடுங்குகிறது.
நடிப்போ, உள்ளே வெக்கையோ.

எனக்கும் குழாய்தான் வேலை.
நன்னிலத்துக்குத் தெற்கே பதினோரு கிலோமீட்டர்
சம்பா வயலுக்கு அடியில் எண்ணெய் போகிறது,
மேலே நான் போகிறேன், டார்ச்சும் தடியுமாக.
இந்த மாதம் மூன்று முறை எழுதிக்கொடுத்தேன்:
கல் எண் 47. மண் தோண்டப்பட்டுள்ளது.
அடையாளம் தெரியாத நபர். நாசவேலை நோக்கம்.
கடைசி இரண்டு சொல் ஜோதிலிங்கம் சார் சேர்த்தது.
கையெழுத்து என்னுடையது.

நேற்று டார்ச்சை அணைத்துவிட்டுக் காத்திருந்தேன்.
இரண்டரை மணிக்கு வந்தது.
முதலில் மண்வெட்டிச் சத்தம்,
அப்புறம் இருமல்.
பள்ளத்தில் முட்டி போட்டு
இரண்டு கையாலும் சேறு வாரிக்கொண்டிருந்தது.
வெளிச்சம் அடித்தேன்.
மேலத்தெரு அஞ்சலாட்சி.
என் தங்கச்சியோடு ஏழாவது வரை படித்தவள்.

"என்னா பண்ற இங்க?"

நிமிரவில்லை.
"குழா போட்டு மூடுனப்ப வாய்க்காலையும் சேத்து மூடிட்டானுவ.
அந்தாண்ட ஒண்ணரை மா கெடக்கு எனக்கு.
தண்ணி போவணும்ல."

"பகல்ல வந்து சொல்லலாம்ல?"

"மூணு தடவ மனு குடுத்தாச்சி.
வெளிச்சத்த கொஞ்சம் எறக்கிப் புடி, கண்ணு கூசுது."

படமாக இருந்தால் இங்கே இசை நிற்கும்.
தவளைகள் நிற்கவில்லை.
நான் வெளிச்சத்தை இறக்கிப் பிடித்தேன்.
குழாய்க்கு மேலே இன்னும் மூன்றடி மண் இருந்தது,
அவள் அதைத் தொடக்கூட இல்லை.

தண்ணீர் ஒரு கை அகலத்துக்கு வந்தது.
கட்டியில் முட்டி நின்றது.
மறுபடி வந்தது.

காலையில் ரிப்போர்ட்டில்
'அடையாளம் தெரியாத' என்று பழக்கத்தில் எழுதி
அடித்துவிட்டேன்.
அடுத்த சொல் இன்னும் வரவில்லை.
ஜோதிலிங்கம் சாரின் பைக் சத்தம் ரோட்டில் கேட்கிறது.
பேன்ட்டில், இரண்டு முட்டியிலும்,
சேறு காய்ந்து இழுக்கிறது.