கார்ப்பென்டர் வம்சம்

செவ்வாய்தோறும் வருவாள் நொயலீன் கார்ப்பென்டர்.
நூலகக் கதவு திறப்பதற்குள் வாசலில் நிற்பாள்.
ஒரு பூதக்கண்ணாடி, இரண்டு பென்சில்
(பேனாவுக்கு இந்த அறையில் அனுமதியில்லை),
மெழுகுத்தாளில் சுற்றிய சீஸ் சாண்ட்விச்.

மக்காய் நகரத்துப் பழைய ஏடுகளை
ஸ்கேன் செய்வது என் வேலை. ஆறு மாத ஒப்பந்தம்.
கரும்புத் தோட்டத்துச் சம்பளக் கணக்கு,
ஆஸ்பத்திரி வரவேடு,
கல்லறைக் குழி எண்கள், நாய் வரி.
வாசிக்கக் கூடாதென்று விதி ஒன்றும் இல்லை.
வாசித்தால் நாளுக்கு நானூறு பக்கம் ஓடாது.

நான் சேர்வதற்கு முன்பிருந்தே
அவள் தேடுவது ஒரு கொள்ளுத்தாத்தாவை.
வீட்டில் தெரிந்தது இவ்வளவுதான்:
ஜான் கார்ப்பென்டர். கப்பலில் வந்தவர்.
கறுப்பாக இருப்பாராம்,
வெயில் என்றார்கள்,
அப்புறம் ஸ்பெயின்காரர் என்றார்கள்.
மரவேலைக்காரர்தான், பெயரே சொல்கிறதே.

தச்சர் பட்டியல் எதிலும் அவர் இல்லை.
இரும்புக்கடைப் பற்று வரவில்
ரம்பம் வாங்கிய தடயமும் இல்லை.

போன வாரம் கிடைத்தது திருமணப் பதிவேடு.
1894. மழையில் ஊறி ஓரம் பழுத்த தாள்.
மணமகள் பிரிஜிட் டூலன், சலவைக்காரி.
மணமகன் கார்ப்பென்டர், கூலி,
பிறந்த இடம்: கிழக்கே.
கல்வி: எழுதத் தெரியாதவர்.
கீழே, 'அவருடைய கீறல்' என்று குமாஸ்தா எழுதிய
இடத்தில் ஒரு கீறல்.

"இதைக் கொஞ்சம் பெரிதாக்க முடியுமா?"

அறுநூறு விழுக்காடு.
திரையில் முதலில் எழுந்தது ஒரு க.
எனக்குக் காது அடைத்துக்கொண்டது.

கருபபணணன.

புள்ளிகள் இல்லை. ஓலையில் பழகிய கையாக இருக்கும்,
குத்தினால் ஓலை கிழியும்.
ணகரத்தின் மூன்று சுழியிலும் அவசரம் இல்லை.
பாதிரியார் காத்திருந்திருப்பார்,
பிரிஜிட் காத்திருந்திருப்பாள்,
அவர் பாட்டுக்கு எழுதியிருக்கிறார்.

கருப்பண்ணன். கருப்பண். கார்ப்பென்.
மிச்சத்தை ஒட்டுப்போட்டுத் தைத்தது
குமாஸ்தாவின் காது.

நொயலீன் திரையை விட்டுவிட்டு
என் முகத்தைப் பார்த்தாள்.
"உனக்கு இது வாசிக்க வருமா?"
வரும் என்றேன்.
இந்த ஊருக்கு வந்து நாலு வருஷம்,
யாரும் என்னிடம் கேட்காத கேள்வி.

வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள்.
நாக்கு அண்ணத்தைத் தேடி ஏறி ஏறி வழுக்கியது.
பரவாயில்லை என்றேன்.
என் அடையாள அட்டையில் இருப்பதே
அப்பாவின் பெயர் மட்டும்தான்.
மேலாளர் தினமும் சொல்கிறார்
'குட் மார்னிங், தெய்வநாயகம்'.
நானும் திரும்பிப் பார்க்கிறேன்.

சாண்ட்விச் தாளில் பெரிதாக எழுதிக் கொடுத்தேன்,
இந்த முறை புள்ளி வைத்து.
"இதெல்லாம் என்ன?"
"உயிர் இல்லாத எழுத்துக்கு அடையாளம்."
"கல்லறை வரைபடத்திலும் புள்ளிதான்" என்றாள்.

'மொழி' என்ற கட்டத்தில்
கணினி நீட்டிய பட்டியலில் தமிழ் இல்லை.
'பிற' என்பதை அழுத்த மனம் வரவில்லை.
குறிப்பில் தட்டினேன்:
மணமகன் கையெழுத்து, தமிழில். தெளிவாக உள்ளது.
எழுதத் தெரியாதவர் என்பதை
அழிக்க எனக்கு அதிகாரமில்லை.
அழிக்கவும் வேண்டாம்.
அது குமாஸ்தாவைப் பற்றிய பதிவு.

நடைபாதையில் நின்று தம்பிக்குப் போன் போட்டாள்.
"டெஸ், நாம தச்சர் பரம்பரையே இல்லையாம்."
எதிர்முனைச் சிரிப்பு என் மேசை வரை கேட்டது:
"அதானே பார்த்தேன்.
நான் அடித்த அலமாரி முப்பது வருஷமா
ஒரு பக்கம் சாஞ்சே நிக்குது."

சிரிப்பு ஓய்ந்த பிறகும்
அவள் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.
நான் தாளைத் திருப்பினேன்.
நானூறில், அன்றைக்கு, நூற்றுப் பதினொன்று.